கட்டுநாயக்காவா, யாழ்ப்பாணமா, கிளிநொச்சியா? மாதக் கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு?



இந்த மாதம் எமது "வீட்டுக் கணக்கு" பகுதியில் வேலைக்குப் போவதைப் பற்றிப் பேசுவோம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குப் போகும் இடமெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. "அக்கா, கட்டுநாயக்காவில கார்மன்ற்ஸ் வேலை இருக்காம். இஞ்சத்தையில விடச் சம்பளம் கூடவாம். போகலாமோ?"

போ என்றும் சொல்லமாட்டேன், போகாதே என்றும் சொல்லமாட்டேன். ஒரு கொப்பியும் பேனையும் எடுக்கச் சொல்வேன். இது யாரும் வாயால் சொல்லி முடிக்கக்கூடிய விடயமல்ல. எழுதிப் பார்த்துக் கூட்டிக் கழித்தால்தான் தெரியும்.

வேலைக்கு ஆள் சேர்க்க வருபவர்கள் எங்களுக்குச் சொல்வது ஒரேயொரு தொகையைத்தான். "கைக்கு இவ்வளவு வரும்" என்பார்கள். அந்தத் தொகையிலிருந்து எங்கள் வீட்டுக்கு எவ்வளவு வந்து சேரும் என்று சொல்லமாட்டார்கள். அதை நாங்கள்தான் பார்க்கவேண்டும்.

சம்பளம் ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். தனியார் துறையில் வேலை செய்பவர்களுக்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10,000 ரூபாவாக இருந்தது. 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது 2025 ஏப்பிரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. இது முழு இலங்கைக்கும் ஒன்றுதான். கட்டுநாயக்காவுக்கு ஒரு சட்டம், கிளிநொச்சிக்கு ஒரு சட்டம் என்று இல்லை.

அப்படியானால் கட்டுநாயக்காவில் கூடுதலாகக் கிடைக்கும் காசு எது? பெரும்பாலும் மேலதிக நேர வேலைக்கான காசு (ஓ.ரி.), ஒரு நாளும் லீவு எடுக்காமல் வந்ததற்கான வருகைக் கொடுப்பனவு, இலக்கை முடித்ததற்கான ஊக்கத்தொகை என்பவைதான். இவை எல்லா மாதமும் ஒரே அளவில் வருபவை அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விலைவாசி. 2022ஆம் ஆண்டு நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. உணவுப் பொருட்களுக்கு அது 94.9 வீதம். அதாவது, முதல் வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது. பின்னர் பணவீக்கம் குறைந்தது என்று செய்தியில் சொன்னார்கள். குறைந்தது விலை ஏறும் வேகம். ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. ஆகவே 2020இல் கட்டுநாயக்காவில் வேலை செய்த ஒருவர் "நான் இவ்வளவு மிச்சம் பிடித்தேன்" என்று சொன்னால், அந்தக் கணக்கை இன்றைக்கு எடுக்கவேண்டாம். இப்போது அங்கே இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்.

ஒரு வீட்டுக்கு இரண்டு அடுப்பு

குடும்பத்தில் உழைப்பவர் ஒருவர்தான் என்றால், அவர் வேறு ஊருக்குப் போனவுடன் அந்த வீட்டுக்கு இரண்டு அடுப்பு எரியத் தொடங்குகிறது. ஊரில் அம்மாவும் பிள்ளைகளும் சமைக்கிறார்கள். அங்கே போடிங் அறையில் நீங்கள் சமைக்கிறீர்கள். இரண்டு இடத்தில் லைற் காசு, இரண்டு இடத்தில் தேங்காய், இரண்டு இடத்தில் காஸ் அல்லது மண்ணெண்ணெய். ஊரில் முற்றத்து முருங்கையும் வேலியோரத்துக் கீரையும் இரண்டு கோழியும் காசில்லாமல் கறி தரும். கட்டுநாயக்காவில் கறிவேப்பிலைக்கும் காசு.

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். உதாரணத்துக்கு, தருமபுரத்துப் பக்கம் வசிக்கும் ஒரு சகோதரி என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் வயதான தாயாரும் இருக்கிறார்கள். மூன்று வேலைகள் கைக்கு வந்திருக்கின்றன. கீழே வரும் தொகைகள் கணக்குக்காக நான் போட்டவை. உங்களுடைய தொகைகளை நீங்கள் போடவேண்டும்.

முதலாவது, கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலை.
அடிப்படைச் சம்பளம் 32,000. வருகைக் கொடுப்பனவு 4,000. ஊக்கத்தொகை 4,000. ஓ.ரி. 8,000. மொத்தம் 48,000.
சேமலாப நிதிக்குக் கழிவது 2,560. கைக்கு வருவது 45,440.
செலவு: போடிங் அறைப் பங்கு, லைற், தண்ணீர் 7,000. சாப்பாடு 14,000. தினமும் பஸ் 2,000. சவர்க்காரம், போன் முதலியன 2,500. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோக 5,000. மொத்தச் செலவு 30,500.
வீட்டுக்கு மிஞ்சுவது 14,940.

இரண்டாவது, யாழ்ப்பாண நகரில் ஒரு புடவைக்கடை.
சம்பளம் 33,000. சாப்பாடும் தங்குமிடமும் கடைக்காரர் தருகிறார். சேமலாப நிதி இல்லை என்கிறார்.
செலவு: சவர்க்காரம், போன் முதலியன 2,500. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்துபோக 3,000. மொத்தம் 5,500.
வீட்டுக்கு மிஞ்சுவது 27,500.

மூன்றாவது, கிளிநொச்சிப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை.
அடிப்படைச் சம்பளம் 30,000. வருகைக் கொடுப்பனவு 2,000. ஊக்கத்தொகை 2,000. மொத்தம் 34,000.
சேமலாப நிதிக்குக் கழிவது 2,400. கைக்கு வருவது 31,600.
செலவு: தொழிற்சாலை பஸ் சந்திக்கு வருவதால் பயணம் 1,500. வீட்டுப் பானையிலேயே இவருடைய சாப்பாட்டுப் பங்கு 8,000. சவர்க்காரம், போன் முதலியன 1,500. மொத்தம் 11,000.
வீட்டுக்கு மிஞ்சுவது 20,600.

பாருங்கள். கட்டுநாயக்காச் சம்பளம் கிளிநொச்சிச் சம்பளத்தை விட 14,000 ரூபா கூட. ஆனால் வீட்டுக்கு மிஞ்சுவது 5,660 ரூபா குறைவு. இந்த உதாரணத்தில் தூரமும் போடிங்கும் கூடுதல் சம்பளத்தைத் தின்றுவிட்டன.

கண்ணுக்குத் தெரியாத சம்பளம்

"அப்ப புடவைக்கடைதானே நல்லது?" என்று நீங்கள் கேட்பீர்கள். கணக்கு இன்னும் முடியவில்லை.

ஊழியர் சேமலாப நிதிக்கு எங்களிடம் 8 வீதம் கழிக்கிறார்கள். முதலாளி தன்னுடைய காசில் 12 வீதம் போடவேண்டும். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் செலுத்தவேண்டும். அதற்கு எங்களிடம் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. 30,000 ரூபாச் சம்பளத்துக்குப் பார்த்தால் எங்கள் 2,400, முதலாளியின் 3,600, நம்பிக்கை நிதியம் 900. மாதம் 6,900 ரூபா எங்கள் பெயரில் சேருகிறது. ஒரு வருடத்துக்கு 82,800 ரூபா.

இதைக் கிளிநொச்சி வேலையின் மிச்சத்தோடு கூட்டிப் பாருங்கள். 20,600ம் 6,900ம் 27,500. புடவைக்கடையில் மிஞ்சும் 27,500 ரூபாவும் இதுவும் ஒன்றாக வந்துவிட்டன. ஒன்றில் வாரத்துக்கு ஒருமுறை மகளின் முகத்தைப் பார்க்கலாம். மற்றதில் தினமும் பின்னேரம் பார்க்கலாம். ஆனால் இன்றைய செலவுக்குக் காசு இல்லையென்றால் 50 வயதில் வரும் காசால் அடுப்பு எரியாது என்பதும் உண்மைதான். (சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம்.) எது அவசரம் என்பது உங்கள் வீட்டுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். "எங்கட கடையில அது இல்லை" என்று ஒரு கடைக்காரர் சொல்வதால் அது இல்லாமல் போகாது. ஒரேயொரு ஊழியரை வைத்திருந்தாலும் சேமலாப நிதி கட்டவேண்டும் என்பதே சட்டம். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் மாத்திரம் கவனிக்கவேண்டும். பிறர் வீட்டில் சமையல், துப்புரவு வேலை செய்பவர்கள் இந்தச் சட்டத்துக்குள் அடங்கமாட்டார்கள். ஆகவே கொழும்பில் வீட்டு வேலைக்குச் சொல்லப்படும் சம்பளத்தையும் தொழிற்சாலைச் சம்பளத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது.

ஓ.ரி. காசுக்குச் சேமலாப நிதி சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் ஓ.ரி. கூடுதலாகவும் உள்ள வேலையில் இன்றைக்குக் கை நிறைந்தாலும் நாளைக்கான சேமிப்புக் குறைவு.

நல்ல மாதமும் கெட்ட மாதமும்

கட்டுநாயக்காக் கணக்குக்குத் திரும்பி வருவோம். வெளிநாட்டு ஓடர் குறைந்து, ஒரு மாதம் ஓ.ரி.யும் ஊக்கத்தொகையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 12,000 ரூபா போய்விடும். மிஞ்சுவது 2,940. அதே மாதத்தில் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்து, லீவு எடுத்து ஓடிவந்தால் வருகைக் கொடுப்பனவு 4,000ம் போகலாம். அப்போது 1,060 ரூபா கடன் வாங்கித்தான் போடிங் காசு கட்டவேண்டும். ஊருக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது சுதந்திர வர்த்தக வலயப் பிள்ளைகள் பலர் ஊருக்கு வரவும் முடியாமல், வேலையும் இல்லாமல் போடிங் அறைகளில் அகப்பட்டார்கள். அவர்களுக்குப் பயிரிட ஒரு துண்டு நிலம்கூட அங்கே இருக்கவில்லை. இடம்பெயர்ந்து வாழ்ந்து பழகிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே எந்த வேலையையும் நல்ல மாதத்துக் கணக்கை வைத்து எடைபோடாதீர்கள். கெட்ட மாதத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். கெட்ட மாதத்திலும் வீட்டுக்கு அரிசி வாங்கலாம் என்றால் அந்த வேலை உங்களைத் தாங்கும்.

போவதற்கே ஒரு செலவு உண்டு

போடிங்குக்கு முற்பணம், பாய், தலையணை, சட்டி பானை, பயணச் செலவு, முதல் சம்பளம் வரும்வரைச் சாப்பாடு என்று 25,000 ரூபா வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 14,940 மிஞ்சினால் அதை மீட்கவே இரண்டு மாதம் செல்லும். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்கு யார் கொடுப்பது?

இந்த இடத்தில்தான் பலர் கிழமைக் கடனுக்குக் கையெழுத்து வைக்கிறார்கள் அல்லது இருக்கும் காதுத் தோட்டை அடைவு வைக்கிறார்கள். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வரும். கடன்காரர் கிழமைக்கு ஒருமுறை வாசலுக்கு வருவார். நீங்கள் தூரத்தில் இருக்கும்போது அந்த வாசலில் நின்று பதில் சொல்வது உங்கள் வயதான தாயும் பிள்ளையும்தான். முடிந்தவரை சங்கத்துச் சேமிப்பிலிருந்தோ சீட்டுக் காசிலிருந்தோ இந்தச் செலவைப் பாருங்கள். வேலை எடுத்துத் தருவதற்கென்று உங்களிடம் காசு கேட்பவரை நம்பவேண்டாம்.

ரூபாவில் எழுத முடியாதவை

கொப்பியின் அடுத்த பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்.

பிள்ளை: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளை அம்மம்மாவின் பொறுப்பில் விட்டுப் போகலாமா? ஏதும் பிரச்சினை என்றால் அவள் ஓடிப்போகக்கூடிய நம்பிக்கையான இன்னொரு வீடு பக்கத்தில் உண்டா?

காணி: அனுமதிப்பத்திரக் காணி என்றால் அதில் குடியிருந்து அபிவிருத்தி செய்யவேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். குடும்பத்தோடு வெளியேறிக் காணியைப் பற்றைக்கு விட்டால் பின்னர் வில்லங்கம் வரலாம். அஸ்வெசும கிடைக்கும் வீடென்றால், வீட்டு விபரம் மாறும்போது என்ன செய்யவேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

தேடல்: காணாமல் ஆக்கப்பட்ட கணவரையோ பிள்ளையையோ தேடிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்குக் கடிதங்களும் விசாரணை அழைப்புகளும் கொடுத்த விலாசத்துக்குத்தான் வரும். அதைப் பிரித்து வாசித்து உடனே உங்களுக்குச் சொல்ல ஒருவர் வீட்டில் இருக்கவேண்டும்.

மொழி: மேற்பார்வையாளரும் போடிங் வீட்டுக்காரரும் சிங்களத்தில் பேசும் இடத்தில் தனியாக இருக்க முடியுமா? தெரிந்த இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து போனால் பாதிப் பயம் குறையும்.

உடம்பு: விருப்பமில்லாத பெண்ணை இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டம். ஷெல் துண்டு உடம்பில் இருப்பவர்கள், நெடுநேரம் நின்றால் கால் வீங்குபவர்கள் எந்த வேலை என்று கேட்டறியாமல் சம்மதிக்கவேண்டாம்.

வெளியூர் சரியாக வரும் இடங்களும் உண்டு

இவ்வளவும் சொன்னதால் ஊரை விட்டு யாரும் அசையக்கூடாது என்று நான் சொல்வதாக எடுக்கவேண்டாம். பிள்ளைப் பொறுப்பு இல்லாத இளம் சகோதரிக்கு, அவர் இல்லாமலே வீட்டு அடுப்பு எரியுமென்றால், கட்டுநாயக்கா நல்ல தொடக்கமாக இருக்கலாம். தொழிற்சாலையே தங்குமிடமும் சாப்பாடும் தந்தால் மேலே போட்ட கணக்கில் 21,000 ரூபா வரை குறைந்து, முடிவே தலைகீழாகிவிடும். ஊருக்குத் தொழிற்சாலை பஸ் வராமல், காலையும் மாலையும் ஓட்டோவுக்குக் கொடுக்கவேண்டியிருந்தால் கிளிநொச்சி வேலையில் மிச்சமே இராது. தொழில் பழகி மேற்பார்வையாளராக உயரும் வழி ஒரு இடத்தில் இருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு. வீட்டுக்குள்ளேயே அடியும் உதையும் என்றால், அங்கிருந்து வெளியேறுவதற்குக் கிடைக்கும் வேலைக்கு மிச்சக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சம்மதிக்குமுன் கேட்கவேண்டியவை

1. அடிப்படைச் சம்பளம் மட்டும் எவ்வளவு?
2. ஓ.ரி. இல்லாத மாதம் கைக்கு எவ்வளவு வரும்?
3. எத்தனை நாள் லீவு எடுத்தால் வருகைக் கொடுப்பனவு வெட்டப்படும்?
4. சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம் எந்த நாளிலிருந்து கட்டப்படும்? எனது அங்கத்துவ இலக்கம் எப்போது கிடைக்கும்?
5. என்னை வேலைக்கு எடுப்பது தொழிற்சாலையா, இடையில் ஆள் கொடுக்கும் முகவரா?
6. நியமனக் கடிதமும் மாதாமாதம் சம்பளச் சீட்டும் எனக்கு விளங்கும் மொழியில் தருவீர்களா?
7. தங்குமிடம், சாப்பாடு, பஸ் ஆகியவற்றில் எது இலவசம், எதற்குச் சம்பளத்தில் வெட்டு?

இவற்றைக் கேட்டால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படவேண்டாம். ஒழுங்கான இடத்தில் இதற்குப் பதில் இருக்கும். பதில் சொல்லாமல் "வந்து பாருங்கோவன்" என்று மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

வேலையில் சேர்ந்த பின்னர் இரண்டு விடயங்களை மறக்கவேண்டாம். சேமலாப நிதிப் படிவத்தில் உங்களுக்குப் பின் அந்தக் காசு யாருக்கு என்ற இடத்தில் பிள்ளையின் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள். சம்பளச் சீட்டுகளை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். சண்டைக்காலத்தில் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த எங்களுக்குக் கடுதாசியின் பெறுமதி தெரியும்.

உங்கள் கைக்கு இரண்டு வேலை வந்திருந்தால், இன்றைக்கே ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் ஒரு ஊர், மறுபக்கம் மற்ற ஊர். எழுதத் தயக்கம் என்றால் படிக்கிற மகளை எழுதச் சொல்லுங்கள். அவளும் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ளட்டும். அம்மா எதற்காகப் போகிறாள் அல்லது எதற்காகப் போகாமல் நிற்கிறாள் என்பதும் அவளுக்கு விளங்கும். கூட்டி வரும் தொகையை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். பிழை இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.